ராகு காலத்தை வென்ற சர்வர்

காலத்தை வென்றவர்கள் என்று சிலரைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குகையில் உட்கார்ந்து காற்றைக் குடித்தவர்கள், மலையைச் சுற்றியே ஆயுளைக் கழித்தவர்கள். எங்கள் திருவண்ணாமலையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் பட்டினி கிடந்து, தனித்தனியாக வென்றவர்கள். காலை டிபனை முடித்துக்கொண்டு, ஏசி அறையில் கூடி, முந்திரி பக்கோடா சாப்பிட்டபடியே தீர்மானம் போட்டுக் காலத்தை வென்ற ஒரே நிறுவனம், வேங்கிக்காலில் என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறது. இதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். வரலாற்றுக்கு நேரமில்லை என்றால் பரவாயில்லை, எனக்கு இருக்கிறது.

நிறுவனத்தின் பெயர் ‘செம்மண் செல்வம் நிலக்கடலை உழவர் நிறுவனம்’. சுற்றுவட்டாரத்தில் மழையை நம்பி மல்லாட்டை (நிலக்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) போடுகிற விவசாயிகள் அதன் பங்குதாரர்கள். அவர்களுக்கு விதை கொடுப்பதும் விளைந்ததை வாங்கி விற்பதும் நிறுவனத்தின் வேலை. பெயர்ப்பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பலகையைப் படிக்காதவர்களுக்கு இது தெரிய வேறு வழியில்லை.

நான் வம்பு பேசுகிறவள் அல்ல. என் சமையலறை ஜன்னல் அவர்களுடைய கூட்ட அறையைப் பார்த்தபடி அமைந்துவிட்டது. அது மேஸ்திரியின் குற்றம். அவர்களுடைய கம்ப்யூட்டர் தம்பி இளஞ்செழியன் என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறான். அது அவன் விதி. வாடகைக்கு இருக்கிறவன் வாடிய முகத்தோடு படியேறினால் ‘என்னப்பா’ என்று கேட்பது மனிதாபிமானம். பதில் முழுசாக வரும்வரை படியை மறித்துக்கொண்டு நிற்பதும் அதில் சேர்த்திதான்.

இளஞ்செழியனுடைய அடையாள அட்டையில் ‘சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று இருக்கும். கீழே சின்ன எழுத்தில் ‘ஒப்பந்தம்’ என்று இருக்கும். சுவிட்சு வைத்த எல்லாமே அவன் பொறுப்பு: கம்ப்யூட்டர், நெட்வொர்க், கூட்ட அறை மைக், டீ மெஷின், மேனேஜர் திருமலையின் மச்சினர் வீட்டு டிவி.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, புது சர்வருக்குத் தொடக்க விழா வைத்தார்கள். பீரோவில் பாதி உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. உறுப்பினர்கள் விவரம் மொத்தமும் அதன் வயிற்றுக்குள். கவுன்டரில் இருக்கிற கருவியில் விவசாயி விரலை வைத்தால், கவுன்டர் கம்ப்யூட்டர் சர்வரிடம் போய் ‘இவர் யார்?’ என்று கேட்கும். ‘நம்ம ஆள்தான், விடு’ என்று சர்வர் சொன்னால் விதைக்கான சீட்டு அச்சாகி வரும். இதற்குக் ‘காகிதமில்லா நிர்வாகம்’ என்று பெயர். காகிதத்தை எந்த அளவுக்கு ஒழித்துவிட்டார்கள் என்றால், பழைய ரெஜிஸ்டர்களைக் கிழித்துத்தான் விழாவுக்குச் சுண்டல் மடித்தார்கள். எனக்கு வந்த பொட்டலத்தில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து உறுப்பினர்கள் பாதிப் பேர் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தார்கள்.

பத்தரைக்குள் சர்வரை இயக்கிவிட வேண்டும். அதற்குமேல் ராகு காலம். நிறுவனத் தலைவர் ராமகிருஷ்ணன் நேரம் தவறாதவர். எந்த விழாவுக்கும் ஒரே சீராகத் தாமதமாக வருவார். அன்று ஒரு டயர் கடையைத் திறந்துவைத்துவிட்டு அவர் வந்து இறங்கியபோது, ராகு காலம் வந்து, உட்கார்ந்து, சுண்டலும் வாங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜர் திருமலை கையைப் பிசைந்தார். “தலைவரே, ராகு காலம் நடக்குதுங்க. பன்னண்டுக்கு மேல வச்சிக்கலாங்களா?”

“பன்னண்டுக்கு எனக்கு ஒரு காதுகுத்து இருக்குது. ராகு காலம்னு எவன் சொன்னது?”

“காலண்டர் சொல்லுதுங்க.”

“சர்வரு காலண்டர் பாக்குமா?”

இளஞ்செழியனுக்கு உண்மை பேசுகிற கெட்ட பழக்கம் உண்டு. “பாக்காது சார். அதுக்குள்ளயே கெடியாரம் இருக்குது. நெட்ல கேட்டு மணியை சரி பண்ணிக்கும்.”

“நெட்ட எதுக்குக் கேக்குது? நம்ம ஆபீஸ்ல இருந்துக்கினு ஊரான்கிட்ட மணி கேக்கறதா? அதை நிறுத்து. பத்தேகால்னு வை.”

“சார், அப்படி வச்சா அப்புறம்…”

“வை தம்பி,” என்றார் திருமலை. ஒப்பந்தம் என்ற சின்ன எழுத்து இளஞ்செழியனுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். வைத்தான். ஒரு மணி நேரத்துக்கு மேலே பின்னால் போனது சர்வர். ராகு காலம் இருந்த இடம் தெரியாமல் கலைந்தது. தலைவர் பொத்தானை அழுத்தினார். யாரும் விரல் வைக்காமலே, சர்வரிலிருந்து நேராக முதல் சீட்டு ‘10.15’ என்று அச்சாகி வந்தது. கைதட்டினோம். நானும் தட்டினேன். கிரகங்களை ஒருவர் கண்ணெதிரே திருப்பி அனுப்பும்போது சும்மா நிற்க முடியுமா?

முதல் சீட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தலைவர் அறையில் மாட்டினார்கள். அன்று சாயங்காலமே அந்த நேரத்தை வைத்துச் சர்வருக்கு ஜாதகமும் கணித்தாயிற்று. சிம்ம லக்னம், ராஜயோகம், நீண்ட ஆயுள், எதிரிகள் அழிவர். எதிரிகள் யார் என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நல்ல மழை. திங்கட்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கவுன்டர் முன்னால் நின்றவள் பச்சையம்மாள். கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே ஒரு கிராமத்தில் மானாவாரிக் கொல்லையில் பயிர் வைக்கிறவள். ஒரு பிளாஸ்டிக் கவரில் ஒரு பிடி மண் கொண்டுவந்திருந்தாள். அதை எடுத்துக் கையில் பிடித்துக் காட்டினாள். கொழுக்கட்டை மாதிரி நின்றது.

“பாருங்க சார், ஒரு முழத்துக்கு எறங்கியிருக்குது ஈரம். டிராக்டருக்குச் சொல்லிட்டேன். வெத மல்லாட்டய குடுத்தீங்கன்னா மத்தியானமே போட்டுடுவேன்.”

“மேஜை மேல வைக்காதம்மா, கீபோர்டுல விழும்,” என்றார் திருமலை. “விரலை வை.”

வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ‘அனுமதி இல்லை’ என்றது திரை.

ஒரு நிறுவனம் நெருக்கடியை எப்படிச் சந்திக்க வேண்டும் என்பதை இங்கிருந்துதான் உலகம் கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் விரலைச் சந்தேகித்தார்கள். பச்சையம்மாளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். பிறகு தேங்காய் எண்ணெய். பிறகு எலுமிச்சம்பழத் தோல். பிறகு வேறு விரல்.

“ரேகை தேஞ்சி போச்சிம்மா உனக்கு.”

“களை வெட்டனா தேயத்தான் செய்யும். உங்க வெரல வச்சிப் பாருங்க, அதான் மொழுமொழுன்னு கீதே.”

திருமலை தம் விரலை வைத்தார். சிவப்பு. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வைத்தார்கள். வரிசை முழுக்கச் சிவப்பு. விரலைச் சந்தேகிப்பது கைவிடப்பட்டது. கேபிளைச் சந்தேகிப்பது தொடங்கியது.

இளஞ்செழியன் மேஜைக்கு அடியில் தவழ்ந்தான். கேபிளைக் கழற்றி மாட்டினான், வேறு கேபிள் போட்டான், சுவிட்சுப் பெட்டியை அணைத்து எழுப்பினான். கவுன்டர் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்கு ஒரு குரல் கொடுத்துப் பார்த்தான். இருக்கிறாயா என்று கேட்டால் இருக்கிறேன் என்று சர்வர் உடனே பதில் சொன்னது.

“பதில் சொல்லுதே தம்பி. அப்புறம் இன்னா பிரச்சினை?”

“இருக்கேன்னு சொல்லுது சார். வேலைன்னு போனா கதவத் தெறக்க மாட்டேங்குது.”

“வந்து மூணு நாள்தான் ஆவுது. அதுக்குள்ள நம்ம ஆபீஸ் பழக்கம் வந்துடுச்சா?” என்றார் திருமலை. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

பத்து நிமிடத்தில் இளஞ்செழியன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அவனே வைத்த கோளாறுதானே. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. சர்வர் தானே எழுதிவைக்கிற குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொண்டான். ‘நேர வேறுபாடு மிக அதிகம்’ என்று வரிக்கு வரி புலம்பியிருந்தது. எனக்கு அவன் அன்று சாயங்காலம் படியில் நின்று விளக்கினான். நானே புரிந்துகொண்டேன் என்றால் எவ்வளவு சுலபமான சங்கதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“அக்கா, கவுன்டர் கம்ப்யூட்டர் எல்லாம் ஊர் நேரத்துல இருக்குது. சர்வரு தலைவர் நேரத்துல இருக்குது. விரல வச்சா, கவுன்டர் ஒரு சாவி மாதிரி ஒண்ணை மணி போட்டு அனுப்பும். ரெண்டு பேருக்கும் மணி அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசப்பட்டா, ‘எவனோ திருட்டுச் சாவி வச்சிக்கினு வர்றான்’னு சர்வரு கதவைச் சாத்திக்கும்.”

“அப்போ மணிய சரி பண்ணிட வேண்டியதுதானே?”

“அதைத்தான்கா சொன்னேன். அதுக்கு மேனேஜர் கேக்கறாரு, ‘சரி பண்ணணும்னா, இப்போ தப்பா இருக்குதுன்னு அர்த்தமா? தப்பா வச்சது யாரு?’ன்னு.”

இது ஆழமான கேள்வி. திருமலை மேலும் ஆழமாகப் போயிருக்கிறார். அந்தக் குறிப்பை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, “தம்பி, இது தலைவர் மேல கம்ப்ளெயின்ட் எழுதற மாதிரி இருக்குது. இதை அழிச்சிடு. இனிமே எழுதாம இருக்க அதுக்கு ஏதாவது செட்டிங் இருக்குதான்னு பாரு” என்றார்.

செவ்வாய்க்கிழமை பச்சையம்மாள் மறுபடி வந்தாள். மறுபடி ஒரு பிடி மண். பிடித்தால் நின்றது, விரலால் தட்டினால் விரிசல் விட்டது. “ஜாண் அளவுக்கு ஈரம் கீது சார். இன்னிக்குப் போட்டாகூட மொளைச்சிடும்.”

“உனக்காகத்தாம்மா மீட்டிங் போட்டிருக்கோம்,” என்றார் திருமலை.

உண்மையில் அது உயர்மட்டக் கூட்டம். நான் அன்று பார்த்துத் தேய்க்க வேண்டிய பாத்திரங்கள் நிறைய இருந்தன. ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. தலைவர் ராமகிருஷ்ணன் வந்து தம் விரலையே வைத்துப் பார்த்தார். அவருக்கும் சிவப்பு. தலைவருக்கே அனுமதி இல்லை என்றதும், கோளாறு என்று இருந்தது சதி என்று மாறியது.

“எதை எதையெல்லாம் வாங்கி வச்சிருக்கீங்க? இது இன்னா பெட்டி?”

“ஃபயர்வால் சார். வெளியிலிருந்து திருட்டுத்தனமா யாரும் நெட்வொர்க்குல நுழையாம தடுக்கும்,” என்றான் இளஞ்செழியன்.

“நெருப்புச் சம்பந்தப்பட்டதா? அதைக் கொண்டுபோய் ஈசானிய மூலையில வச்சிருக்கீங்களே, விளங்குமா?”

ஃபயர்வால் அக்கினி மூலைக்கு இடம் மாற்றப்பட்டது. அங்கே பிளக் இல்லை என்பதால் பக்கத்து அறையிலிருந்து வயர் இழுத்தார்கள். சர்வர் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டினார்கள். குங்குமம் வைக்க நெற்றி எது என்று தெரியாமல் காற்றுப் போகிற துவாரத்தில் வைத்தார்கள். உள்ளிருந்த விசிறி அதை உறிஞ்சித் தானும் இட்டுக்கொண்டது.

அப்போதும் இளஞ்செழியன், “மணியை மட்டும் ஒருவாட்டி…” என்று ஆரம்பித்தான். ஜோசியரிடம் போன் போட்டுக் கேட்டார்கள். ஜாதகம் எழுதிய பிறகு பிறந்த நேரத்தை மாற்றினால் லக்னம் கன்னிக்குப் போய்விடும், ராஜயோகம் போய் அலைச்சல் வரும் என்று அவர் அடித்துச் சொன்னார். பரிகாரமாக மலையை ஒருமுறை வலம் வரச் சொன்னார்.

“யாரு வரணும்?” என்று கேட்டார் திருமலை.

“யாருக்குத் தோஷமோ அவங்கதான்.”

சர்வரைத் தூக்கிக்கொண்டு கிரிவலம் போக முடியாது. ஆனால் ‘பேக்கப்’ என்று அதனுடைய பிரதி ஒன்று சின்ன ஹார்டு டிஸ்கில் இருப்பதாகத் திருமலைக்குத் தெரிந்துவிட்டது. ஆன்மா ஒன்றுதான், உடல்தான் வேறு என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அன்று மத்தியானம் இளஞ்செழியன் செருப்பில்லாமல், ஹார்டு டிஸ்கைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி கிரிவலப் பாதையில் நடந்தான். திருமலை மேற்பார்வைக்காக ஆட்டோவில் பின்னால் போனார். லிங்கம் வரும்போதெல்லாம் அவர் ஹாரன் அடிக்கச் சொல்லுவார்; இவன் துண்டை விலக்கி டிஸ்குக்குத் தரிசனம் காட்டுவான். பேக்கப்பை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் பாதுகாக்க வேண்டும் என்று பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் இப்போது சொல்கின்றனவாம். அதற்குப் புண்ணியமும் சேர்த்துக்கொடுத்தது எங்கள் நிறுவனம்தான்.

பச்சையம்மாள் அவர்கள் திரும்பும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தாள். விரலை வைத்தாள். சிவப்பு.

“சார், நோட்டுல எழுதிக்கினு குடுத்துடுங்க. வருசா வருசம் அப்படித்தானே குடுத்தீங்க?”

“நோட்டு ஏதும்மா? காகிதமே கிடையாது இப்போ.”

“வெத கீதா?”

“விதை இருக்குது. குடோன் நிறைய இருக்குது. நீதான் யாருன்னு தெரியல.”

பத்து வருடமாக அவளை ‘வாம்மா பச்சையம்மா’ என்று கூப்பிடுகிறவர் திருமலை. தனிப்பட்ட பழக்கம் நிர்வாகத்தில் குறுக்கிடக் கூடாது என்ற கொள்கையை அவர் அன்றிலிருந்துதான் கடைப்பிடித்தார்.

புதன்கிழமை. பச்சையம்மாளின் மண் பிடியில் நிற்கவில்லை, சரிந்தது. “நாலு வெரக்கடைதான் கீது. நாளைக்கு வெயிலு இதே மாதிரி அடிச்சா மேல புழுதி, கீழ புழுதி,” என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, கவுன்டரைப் பார்த்துச் சொன்னாள். இளஞ்செழியன் கேட்டுக்கொண்டிருந்தான்.

மத்தியானம் திருமலை சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, ‘கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார்’. இளஞ்செழியன் சர்வர் அறைக்குள் போனான். பெரிய வேலைகூட இல்லையாம், இரண்டே வரி தட்டினானாம். சர்வர் ஊரைக் கேட்டுத் தன் மணியைச் சரி செய்துகொண்டது. வெளியே வந்து, “விரலை வைம்மா” என்றான்.

பச்சை விளக்கு. சீட்டு சரசரவென்று வந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒரு பெருமூச்சு விட்டது என் சமையலறை வரைக்கும் கேட்டது. பச்சையம்மாள் சீட்டை வாங்கிக்கொண்டு குடோன் பக்கம் ஓடினாள். குடோன் பூட்டியிருந்தது. சாவி திருமலையின் இடுப்பில் இருந்தது. எழுப்பத்தான் வேண்டியிருந்தது.

திருமலை சீட்டை வாங்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். “தம்பி, இங்க வா. இது யாரைக் கேட்டு சரியாச்சு?”

“நான்தான் சார். மணியை மட்டும்…”

“மணி பன்னண்டே முக்கால்னு போட்டிருக்குது. இன்னிக்குப் புதன்கிழமை. பன்னண்டுலேருந்து ஒண்ணரை வரைக்கும் இன்னா?”

வரிசையிலிருந்து யாரோ, “ராகு காலம்” என்று எடுத்துக்கொடுத்தார்கள். நம் மக்களின் பொது அறிவை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

“ராகு காலத்துல விதை குடுத்தா மொளைக்குமா? மொளைக்கலன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? நிறுவனம் சொல்லணும். இந்தம்மா நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“பரவால்லைங்க, நான் ராகுகிட்ட பேசிக்கறேன். மூட்டையக் குடுங்க,” என்றாள் பச்சையம்மாள்.

சீட்டு ரத்து செய்யப்பட்டது. சர்வர் பழையபடி பின்னால் அனுப்பப்பட்டது. “உன் ஒப்பந்தம் ஆடியோட முடியுது, ஞாபகம் வச்சிக்க,” என்று இளஞ்செழியனுக்கு அன்பாக நினைவூட்டினார்கள். அன்று அவன் படியேறியபோது நான் மறிக்கவில்லை. இரண்டாவது படியில் அவனாகவே நின்று, “அக்கா, என் வேலை இன்னான்னு தெரியுமா? யாரு உள்ள வரலாம், யாரு வரக்கூடாதுன்னு பாத்துக்கறது. அந்தம்மா உள்ள வரலாம்கா. அவ்ளோதான் கேள்வி. அதுக்கு மட்டும் எவனும் பதில் சொல்ல விடமாட்டேங்கறான்” என்றான்.

மறுநாள் தலைவர் மறுபடி வந்தார். இந்தக் கூட்டத்தைத்தான் வரலாறு கவனிக்க வேண்டும். முந்திரி பக்கோடா வந்தது இதற்குத்தான்.

தலைவர் கேட்டார்: “சர்வரும் கவுன்டரும் ஒரே மணியில இருந்தா வேலை செய்யும். அவ்ளோதானே?”

“அவ்ளோதான் சார்,” என்றான் இளஞ்செழியன். முகத்தில் நான்கு நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம்.

“சர்வரு எத்தனை?”

“ஒண்ணுங்க.”

“மத்த கம்ப்யூட்டரு?”

“ஒம்பதுங்க.”

“ஒம்பது ஒரு மணி காட்டுது, ஒண்ணு ஒரு மணி காட்டுது. சரி, எதுக்கு வெலை ஜாஸ்தி?”

“சர்வருக்குத்தாங்க.”

“அப்போ அது சொல்றதுதான் மணி,” என்றார் தலைவர்.

எல்லாரும் கையிலிருந்த பக்கோடாவைக் கீழே வைத்தார்கள். பெரிய உண்மைகளை முதன்முதலாகக் கேட்கும்போது அப்படித்தான் இருக்கும். பிறகு திருமலை எழுந்து கைதட்டினார். ‘சர்வர் காட்டும் நேரமே நிறுவனத்தின் நேரம்’ என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கவுன்டர் கம்ப்யூட்டர்கள், விரல் கருவி, சுவர்க் கடிகாரம், திருமலையின் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்துக்கு மேலே பின்னால் தள்ளிவைப்பது என்று முடிவானது. இளஞ்செழியன், “இன்னிக்கே பண்ணிடறேன் சார், அஞ்சு நிமிஷ வேலை” என்றான். இவ்வளவு முக்கியமான காரியத்தை நினைத்த நேரத்தில் செய்ய முடியாது என்று நாள் குறித்தார்கள். அடுத்த திங்கட்கிழமைதான் நல்ல நாளாக அமைந்தது.

அந்த ஏற்பாடு அபாரமாக வேலை செய்கிறது. நெட்வொர்க்கில் சண்டை சச்சரவு இல்லை. ஒன்பதும் ஒன்றும் ஒரே மணியில் ஒற்றுமையாகத் தப்பாக இருக்கின்றன. ஊழியர்கள் நிறுவன நேரப்படி பத்து மணிக்கு ‘டாண்’ என்று வருகிறார்கள். அப்போது ஊருக்குள் பதினொன்று தாண்டியிருக்கும். சாயங்காலம் கிளம்பும்போது மட்டும் பஸ் நிறுவன நேரத்தை ஏற்க மறுப்பதால், ஊர் நேரப்படி கிளம்பிவிடுகிறார்கள். சாப்பாட்டு வேளை இரண்டு நேரத்திலும் வருகிறது. யார் மேலேயும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வேளையும் சர்வரில் ஒழுங்காகப் பதிவாகிறது.

அந்தத் திங்கட்கிழமை பச்சையம்மாளைப் போன் போட்டு வரவழைத்தார்கள். இந்த முறை அவள் மண் கொண்டுவரவில்லை. விரலை வைத்தாள். பச்சை. தலைவர், மேனேஜர், போட்டோ எடுப்பவர் எல்லாரும் கைதட்ட, ஒரு மூட்டை விதையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்கள்.

“மூட்டைய வச்சிக்கினு இன்னா பண்றது?” என்றாள். “கொல்ல காஞ்சி பொரிஞ்சி கெடக்குது. பக்கத்துக் கொல்லக்காரன் எங்கியோ வெத வாங்கிப் போட்டு, அவன்து மொளைச்சி நிக்குது. என்துல நான் போனா புழுதிதான் எழுந்திரிக்குது. இன்னொரு மழ வந்தா பாக்கலாம். வரலன்னா இந்த வருசம் அவ்ளோதான்.”

“முதல்ல மூட்டைமேல கை வச்சிக் கொஞ்சம் இந்தப் பக்கம் பாரும்மா,” என்றார் போட்டோ எடுப்பவர்.

மழை வரவில்லை. பச்சையம்மாள் மட்டும் இல்லை, அந்த வாரம் வரிசையில் நின்ற யாருமே விதைக்கவில்லை. நிறுவனம் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. விரிவாக ஆராய்ந்து அறிக்கை தயாரித்தது. சர்வர் நல்ல நேரத்தில் இயங்கத் தொடங்கியது. விதை கையிருப்பு போதுமான அளவு இருந்தது. நெட்வொர்க் இப்போது நூற்றுக்கு நூறு சீராக இருக்கிறது. ஆகவே உறுப்பினர்கள் பருவத்தைத் தவறவிட்டதற்கு அவர்களிடம் உள்ள நேர உணர்வுக் குறைவே காரணம் என்று கண்டறிந்தது. குறையைக் கண்டறிந்ததோடு நிற்காமல் பரிகாரமும் அறிவித்தது: ‘உழவர்களுக்கான நேர மேலாண்மைப் பயிற்சி முகாம்’. வடையும் டீயும் உண்டு என்று இளஞ்செழியன் சொன்னதால், உழவர்களின் முன்னேற்றத்தில் அக்கறை கொண்ட நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். தலைவர் மிகச் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். அதற்குள் எங்களுக்கு வடை ஆறி, உச்சி வெயில் ஷாமியானாவுக்குள் நுழைந்திருந்தது.

தலைவர் மைக் பிடித்தார். காலம் பொன்னைவிடப் பெரியது, விவசாயிக்கு ஒரு நாள் தவறினால் ஒரு வருடம் தவறியதுபோல என்றெல்லாம் உருக்கமாகப் பேசினார். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பேசிக்கொண்டே வந்தவருக்கு முன்வரிசையில் பச்சையம்மாள் கண்ணில் பட்டாள். முகாமில் மக்களோடு கலந்துரையாட வேண்டும் என்று திருமலை எழுதிக்கொடுத்திருந்தார் போலிருக்கிறது.

“நீ சொல்லும்மா. பயப்படாம சொல்லு, எல்லாருக்கும் பாடமா இருக்கட்டும். மழை பேஞ்சி, மண்ணு நல்ல பதமா இருந்துதே, கொல்லையில விதைக்க வேண்டிய அந்த நேரத்துல நீ எங்க இருந்த?”

இளஞ்செழியன் மைக்கைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினான். வேண்டாம் என்று திருமலை கண்ணைக் காட்டியதை அவன் பார்த்தான், நான் பார்த்தேன். சுவிட்சு வைத்தது எல்லாம் அவன் பொறுப்புதானே, சத்தத்தையும் கொஞ்சம் கூட்டிவைத்தான்.

பச்சையம்மாள் எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இங்கதாங்க இருந்தேன். உங்க வாசல்ல, வெரல நீட்டிக்கினு.”